அமைதியாக நிற்கிற விலங்கு அமைதியாக இருக்கிறதா?

காட்டுப் பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் யானை. ஒற்றைப் பெண் யானை என்றுதான் முதலில் நினைத்தோம். வயிற்றுக்குக் கீழே குட்டியின் கால்கள் தெரிந்த பிறகுதான் நிலைமை புரிந்தது. அது பிளிறவில்லை, விரட்டவில்லை. முன்னங்கால் ஒன்றை மட்டும் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றது. கூட வந்த ஒருவர், "சாந்தமாத்தான் இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று கிசுகிசுத்தார். வழிகாட்டியாக வந்த பெரியவர் பதிலே பேசாமல் கையைப் பின்பக்கம் காட்டினார். முதுகைக் காட்டாமல், ஓடாமல், வந்த வழியே பின்வாங்கினோம்.

நல்ல தூரம் வந்த பிறகு அவர் சொன்னார்: "கால ஆட்டுச்சுன்னா அது யோசிக்குது. என்ன பண்றதுன்னு முடிவு பண்ணல. அது முடிவு பண்றதுக்குள்ள நாம போயிடணும்."

யானைகளை ஆராய்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: காலை ஆட்டுவதும் துதிக்கை நுனியை முறுக்குவதும் தயக்கத்தின் அடையாளங்கள். காதை விரித்து, தலையை உயர்த்தி, சத்தத்தோடு ஓடி வந்தால் பெரும்பாலும் அது மிரட்டல், பாதியில் நின்றுவிடும். துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் ஆபத்து அதிகம். ஆனால் எதிரே நின்று சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

விலங்கு பேசாமல் நின்றால் நம்மை ஏற்றுக்கொண்டது என்று எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2015இல் அமெரிக்கக் கருங்கரடிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. இதயத்துடிப்பை அளக்கும் கருவி பொருத்திய கரடிகளுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். பெரும்பாலான நேரம் அவை ஓடவுமில்லை, பெரிதாக அசையவுமில்லை. ஆனால் ஒரு கரடிக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 123 கூடியிருந்தது! வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது சும்மா இருக்கும் கரடி. இதைப் படித்த பிறகு, "கிட்டப் போனேன், ஒன்றுமே செய்யவில்லை" என்று யார் சொன்னாலும் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

காலம் மாறாமலும் இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் ஓட்டல் குப்பையைத் தின்ன வரும் கரடிகளைப் பார்ப்பதற்கென்றே இருக்கைகள் போட்டிருந்தார்கள். இன்று அங்கே கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஓநாய்களையே 1926 வாக்கில் அங்கே கொன்று தீர்த்திருந்தார்கள். 1995இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அவற்றைத் தொலைநோக்கியில் பார்க்க விடியும் முன்பே குளிரில் வந்து நிற்கிறார்கள். புள்ளி அளவுக்குத் தெரிந்தாலும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு இது பெரிய முன்னேற்றமாகவே படுகிறது.

காட்டுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தாலே நாம் கொஞ்சம் கிட்டப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்வாங்கிவிட்டு, நல்ல பைனாகுலர் இருந்தால் அதில் பாருங்கள். அது திரும்பவும் மேயத் தொடங்கினால் தூரம் சரி.

உங்கள் அனுபவத்தை எழுதும்போது எவ்வளவு கிட்டப் பார்த்தீர்கள் என்பதைவிட, அந்த விலங்கு முதலில் என்ன அடையாளம் காட்டியது என்பதை எழுதுங்கள். காது, வால், கால், மூச்சு எதுவானாலும் சரி. அடுத்து அந்தப் பாதையில் போகிறவருக்கு அது உதவும்.