ஸ்மிர்னாவா, இஸ்மிரா? துருக்கியில் இருக்கும் இந்த ஒரே நகரத்தைக் கிரேக்கர் ஸ்மிர்னி (ஸ்மிர்னா) என்கிறார்கள், துருக்கியர் இஸ்மிர் என்கிறார்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடலோரத்தான்:
கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து துருக்கியின் செஷ்மே போகும் படகு பலருக்கும் தெரிந்திருக்கும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிரேக்கப் பாட்டி, எண்பதுக்கு மேல் இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று துருக்கி அதிகாரி கேட்டார். "ஸ்மிர்னி." அவர் தலையை நிமிர்த்தாமலே "இஸ்மிர்" என்றார். பாட்டி மறுபடியும், இந்த முறை சத்தமாக, "ஸ்மிர்னி." அதிகாரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் முத்திரை குத்தினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பார்வை கோபமா மரியாதையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கிரேக்க-துருக்கிப் போரின் கடைசியில் ஸ்மிர்னாவை எரித்த 1922 தீயில், பாட்டியின் அம்மா சின்னப் பெண்ணாக அந்த ஊர்த் துறைமுகக் கரையில் நின்றவராம்.

ஏதென்ஸ்வாசி:
நான் குடியிருப்பதே ஏதென்ஸ் பக்கம் நியா ஸ்மிர்னியில் (புதிய ஸ்மிர்னா), அந்தத் தீக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் உருவாக்கிய பகுதி. இங்குள்ள பானியோனியோஸ் விளையாட்டுச் சங்கம் 1890-இல் ஸ்மிர்னாவில் தொடங்கியது, இன்றும் முழுப் பெயரில் அந்த ஊர் இருக்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் ஒருநாள் சீரகம் போட்ட கறி உருண்டைக் குழம்பு கொண்டுவந்தார். துருக்கியில் இதை இஸ்மிர் கோஃப்தே என்பார்களே என்றேன். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "1930-இல் அவர்கள் பெயரை மாற்றினால் எங்கள் அம்மா சமையலும் மாறிவிடுமா?" என்றார். அவர் பிறந்தது ஏதென்ஸில், ஸ்மிர்னாவைப் பார்த்ததே இல்லை.

பழையதபால்:
1930-இல் பெயரை மாற்றினார்கள் என்பதைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். துருக்கியர் பல நூற்றாண்டுகளாக இஸ்மிர் என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் அதே ஸ்மிர்னாதான். நம் ஊரில் ஸ்கூலை இஸ்கூல் என்பது போல முன்னால் ஒரு 'இ' சேர்ந்துகொண்டது. 1930-இல் நடந்தது வேறு: வெளிநாட்டுக் கடிதங்களிலும் துருக்கிப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று அரசு கண்டிப்பாகச் சொன்னது. அதற்கு முன் ஐரோப்பிய வணிகர்களுக்கும், 1856-இல் உரிமம் வாங்கி ஐதின் ஊருக்கு ரயில் போட்ட பிரிட்டிஷ்காரர்களுக்கும், அத்திப்பழ வியாபாரிகளுக்கும் அது ஸ்மிர்னா. கெமெரால்ட்டி கடைவீதியில் ஒரு பழைய தபால் அட்டை பார்த்தேன், ஒரே முத்திரையில் அரபு எழுத்தில் இஸ்மிர், லத்தீன் எழுத்தில் பிரெஞ்சு வழக்கப்படி ஸ்மிர்ன். வாங்காமல் வந்துவிட்டேன், இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஜீவநதி:
ஒரே பெயர்தான் என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், அப்படியென்றால் அந்தப் பாட்டி ஏன் இரண்டாவது தடவை சொல்ல வேண்டும்? நான் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்த ஊரை 'சிமிர்னா' என்று படித்து வளர்ந்தவள். அதில் வரும் ஏழு சபைகளின் ஊர்களைப் பார்க்கும் சுற்றுலாவில் வழிகாட்டி இஸ்மிர், இஸ்மிர் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அகோரா என்ற பழைய சந்தைச் சதுக்கத்தின் நிலவறையில், கல் வளைவுகளுக்குக் கீழே இன்றும் தண்ணீர் ஓடுகிறது. அங்கே எங்கள் போதகர் "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்று வாசித்ததும் பக்கத்தில் இருந்த அம்மா "இதுவா சிமிர்னா!" என்று கத்திவிட்டார். இங்கே ஆயராக இருந்த பாலிகார்ப்பு இரத்தசாட்சியாய் இறந்த ஊரில் நிற்கிறோம் என்று அதுவரை அவருக்குத் தெரியவே தெரியாது.

பிரிட்ஜ்வாட்ச்:
எங்கள் கப்பலின் சீஃப் ஆபீசர் கிரேக்கர். ரேடியோவில் துறைமுகத்தோடு பேசும்போது "இஸ்மிர்", அதை வைத்த கையோடு மனைவிக்குப் போன் போட்டு "ஸ்மிர்னி". எனக்குக் கிரேக்கம் தெரியாது, அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். டிக்கெட், ரயில், வழி கேட்பது எல்லாம் இஸ்மிர் என்றே சொல்லுங்கள். பழைய ஆவணம் தேடுபவர்கள் ஸ்மிர்னா, ஸ்மிர்ன் இரண்டையும் போட்டுத் தேடுங்கள், இஸ்மிர் என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. இன்னொரு பழைய நகரமான எபேசு தெற்கே செல்சுக் பக்கம் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். அகோராவில் நிற்கும் தூண்கள் கி.பி. 178 நிலநடுக்கத்துக்குப் பிறகு ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் உதவியோடு மறுபடி கட்டியவை. ஆனால் அகோரா இருக்கும் இந்த ஊர் அலெக்சாந்தர் காலத்துக்குப் பின் எழுந்தது. அதற்கும் முந்தைய ஸ்மிர்னா வளைகுடாவின் வடகிழக்கே பைராக்லி மேட்டில் இருந்தது, கி.மு. 600 வாக்கில் லிதியா மன்னன் அலியாத்தெஸ் அழித்தது அதைத்தான். சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை, அதீனா கோயிலின் அடித்தளம் இருக்கிறது, நீங்களாகவே போய்ப் பாருங்கள்.