1967 எம்ஜிபி ரோட்ஸ்டர்: சில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் விற்பனைக்கு வந்திருக்கும், கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கலாமா என்று பார்க்கிறேன். மார்க் 1, 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், கம்பிச் சக்கரம்.

எஞ்சின் பரவாயில்லை. சூடான பிறகும் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி நிற்கிறது. உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கிறது. அந்தக் கியருக்குச் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் குறையாக எடுக்கவில்லை.

உறுத்துவது சில்தான், அதாவது கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி. கதவுக்குக் கீழே வெளித்தகடு புதுப் பெயிண்டில் பளபளக்கிறது. ஆனால் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை, முழுக்கப் புட்டி. ஜாக் வைத்துத் தூக்கினால் கதவு இடைவெளி மாறி, கதவு உரசுகிறது. கூரையில்லாத மோனோகாக் (தனிச் சட்டம் இல்லாமல் பாடியே பாரம் தாங்கும்) பாடிக்கு முதுகெலும்பே இந்தச் சில்தான். உள்ளே இருக்கும் நடுத்தகடான மெம்பிரேனையும் அடியில் நீளமாக ஓடும் காஸில் ரெயில் என்ற தகட்டையும் தொடாமல், மேலே தகட்டைப் போர்த்திவிட்டார்களோ என்று சந்தேகம். 40 வருடம் தாண்டிய கார், எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) வேண்டாம் என்கிறார் விற்பவர். சட்டப்படி சரி, அடியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றும் அர்த்தம்!

வடிகால் துளை வழியாகக் குழாய்க் கேமரா விட்டால் மெம்பிரேன் தெளிவாகத் தெரியுமா, கார்பெட்டைக் கிளப்பியே ஆக வேண்டுமா?

ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை மாற்றியதற்கு ரசீது இல்லை. வால்வு இடைவெளியை 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, சில நூறு மைல் ஓட்டி, குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர, ஹெட்டைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

கிளம்பும்போது பின்னால் 'டொக்' என்கிறது. ஸ்ப்லைன் (கம்பிச் சக்கரமும் ஹப்பும் கோத்துக்கொள்ளும் பற்கள்) தேய்மானம் என்றால் ஹப், சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?