நியூட்ரினோ ஒளிய முந்துச்சா? அந்த 3 மணி நேரம்

போடிக்காரன்: நேத்து ஒருத்தர் "ஒளிய விட வேகமா எதுவும் போகாது, முடிஞ்ச விஷயம்"னு அடிச்சு விட்டிருந்தார். 1987ல பெரிய மெகல்லன் மேகம்ங்கற பக்கத்து விண்மீன் மண்டலத்துல நட்சத்திரம் வெடிச்சப்ப, ஜப்பான்ல கமியோகாண்டேங்கற தண்ணித் தொட்டி கருவில நியூட்ரினோ (எதையும் ஊடுருவிப் போற நுண்துகள்) வந்து சுமார் 3 மணி நேரம் கழிச்சுத்தான் வெளிச்சமே தெரிஞ்சுது. பதில் சொல்லுங்க.

மலைக்கோட்டை77: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே கேக்கலாம். நியூட்ரினோ நட்சத்திரத்தோட நடுவுல இருந்து உடனே வெளிய வந்துடும், வெடிப்போட அதிர்ச்சி அலை மேற்பரப்புக்கு வர சில மணி நேரம் ஆகும், அப்புறம்தான் வெளிச்சம் கிளம்பவே செய்யும். போடில 6 மணிக்கு எடுத்த பஸ் 9 மணி பஸ்ஸுக்கு முன்னாடி மதுரை போனா அது வேகமான பஸ்ஸா?

போடிக்காரன்: எங்க ஊர் பஸ்ஸ ஏன் இழுக்குறீங்க? 3 மணி நேரம் முன்னாடி வந்துச்சா இல்லையா?

கடைசிபெஞ்ச்: 2011ல செர்ன் ஆய்வகத்துல இருந்து இத்தாலி கிரான் சாசோ ஆய்வகத்துக்கு 730 கிலோமீட்டர் போன நியூட்ரினோ ஒளிய 60 நானோசெகண்ட் முந்துச்சுன்னு அத அளந்த ஆபரா குழுவே சொன்னாங்களே.

மலைக்கோட்டை77: சொன்னாங்க, அப்புறம் ஜிபிஎஸ்ல இருந்து வர்ற ஃபைபர் கேபிள் சரியா மாட்டலன்னு 2012ல அவங்களேதான் சொன்னாங்க, அதே கிரான் சாசோல இருந்த இக்காரஸ்ங்கற வேற குழு அளந்தப்ப ஒளி வேகம்தான் வந்துச்சு, அந்த 60 நானோசெகண்ட் நெசம்னா, அந்த 1987 நட்சத்திரத்துல இருந்து அதே வேகத்துல 1,68,000 வருஷம் பயணம் பண்ண நியூட்ரினோ 4 வருஷம் முந்தி வந்திருக்கணும். வந்தது 3 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாத்துட்டுப் பேசுங்க.

போடிக்காரன்: பாருங்க, நீங்களே 3 மணி நேரம்னு ஒத்துக்கிட்டீங்க.

மலைக்கோட்டை77: கிளம்புன நேரம் வேற வேற!!

கடைசிபெஞ்ச்: அப்ப செரன்கோவ் ஒளி? தண்ணிக்குள்ள எலக்ட்ரான் ஒளிய முந்துறதாலதான் அந்த நீல வெளிச்சம். கமியோகாண்டே பிடிக்கிறதே அதத்தான்.

மலைக்கோட்டை77: தண்ணில ஒளி செகண்டுக்கு 2,25,000 கிலோமீட்டர்தான், அத முந்தலாம். வெற்றிடத்துல 2,99,792. அத எது முந்துச்சு? வெற்றிடம்ங்கற வார்த்தைய யாருமே எழுத மாட்டேங்குறீங்க.

போடிக்காரன்: எங்க ஊர் பக்கத்துல மலையக் குடைஞ்சு கட்டத் திட்டம் போட்ட பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம் பத்திப் பேசுனப்பவும் எங்க ஊர்க்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கற மாதிரிதான் பேசுனீங்க. மறக்கல.

மலைக்கோட்டை77: நான் அப்படிச் சொல்லவே இல்ல. மலையக் குடையறதப் பத்திக் கேட்டீங்க, அதுக்குப் பதில் சொன்னேன், நீங்கதான் பாதியில போனீங்க.

கடைசிபெஞ்ச்: மறுபடியும் பொட்டிபுரமா? என் செரன்கோவ் அப்படியே நிக்குது.

போடிக்காரன்: யாரும் பாதியில போகல. 3 மணி நேரம், ஆமாவா இல்லையா?

மலைக்கோட்டை77: 6 மணி பஸ்ஸா 9 மணி பஸ்ஸா, மொதல்ல அதச் சொல்லுங்க.