சமையற்கலை டிகிரிக்கு 25 லட்சம் போடலாமா?

எங்களுக்கு வாழைச்சேனை. தம்பி ஏ.எல். முடித்துவிட்டு பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறான். இப்போது கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் 3 வருட சமையற்கலை டிகிரி படிக்க ஆசைப்படுகிறான். கட்டணம் மட்டும் 25 லட்சம், தங்குமிடமும் சாப்பாடும் வேறு. அம்மாவின் காணியை ஈடு வைத்தால்தான் முடியும்.

அவனுக்கு நல்ல கைப்பக்குவம். ஒரு பாரை மீனை முள்ளில் சதை ஒட்டாமல் கழற்றி, தலையையும் முள்ளையும் சூப்புக்கு எடுத்து வைப்பான், ஒன்றும் வீணாகாது. அதனால்தான் மறுக்க மனம் வரவில்லை.

கல்லூரியில் விசாரித்தோம். டுபாய், கட்டார் சம்பளத்தைச் சொல்கிறார்களே தவிர, முதல் வேலையில் என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. டிகிரியோடு வந்தாலும் கொமியாகத்தான் (குசினியில் ஆரம்ப நிலைச் சமையல்காரர்) தொடங்க வேண்டும் என்கிறார் அவனுடைய செஃப். இங்கே சம்பளத்தோடு, பில்லில் சேர்க்கும் 10 வீத சேவிஸ் சார்ஜில் பங்கு வரும். மாரி தொடங்கி ஆட்கள் குறைந்தால் அதுவும் சுருங்கிவிடும், வங்கிக்கோ மாதாமாதம் கட்டியாக வேண்டும். பாசிக்குடாவிலேயே அரச ஹோட்டல் பாடசாலை இருக்கிறது, செலவும் குறைவு. என்.வி.கியூ. 4 (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், 4ஆம் நிலை) எடுத்துக்கொண்டு வெளிநாடு போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தோம். டிகிரி இல்லாவிட்டால் மேலே போக முடியாது என்று நிற்கிறான். விண்ணப்ப முடிவுத் திகதி அடுத்த மாதம்.

ஹோட்டல் குசினியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வேலைக்குச் சேர்ந்து 5 வருடம் போனால், டிகிரிக்காரருக்கும் என்.வி.கியூ. 4 எடுத்தவருக்கும் மாதம் கையில் வரும் காசில் எவ்வளவு வித்தியாசம்?