அப்பீல் லேட்டாக வந்தால் மன்னிக்க வேண்டுமா?

அம்பத்தூர் தோழர்: 1947 தொழில் தகராறு சட்டப்படி வந்த பழைய கேஸ். வேலை நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி லேபர் கோர்ட் அவார்டு (தீர்ப்பு), நிர்வாகத்தின் ரிட் மனுவும் ஹைகோர்ட்டில் தள்ளுபடி. அதை எதிர்த்து அதே ஹைகோர்ட்டில் போடும் ரிட் அப்பீலுக்கு 30 நாள் கெடு. நிர்வாகத்தினர் ஒரு வருஷம் தாண்டி வந்து, "கோப்பு சட்டப் பிரிவில் இருந்தது, அதிகாரி மாறிவிட்டார்" என்று தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட்டிருக்கிறார்கள். கிரவுண்ட்ஸை (அப்பீலுக்கான காரணங்களை) பார்த்தால் முதல் வரியே "தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியங்களின் வலுவுக்கும் முரணானது". எந்தச் சாட்சியம், எந்தப் பத்தி? ஒன்றும் இல்லை. அப்பீல் பதிவாகி நம்பர் ஆவதற்கு முன்பே தள்ள வேண்டாமா?

பாரிமுனை ஜூனியர்: அந்த வரி இல்லாத அப்பீல் மெமோவை நான் பார்த்ததே இல்லை தோழர் 😀 கூடுதல் கிரவுண்ட்ஸ் போட அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தாமதத்தைத் தாராளமாகப் பாருங்கள் என்று 1987 காத்திஜி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஆளுக்கும் அது வேண்டும்தானே? அவார்டுப்படி வர வேண்டிய பணத்தை வசூலிக்க அதே சட்டத்தின் 33சி(1) பிரிவு மனுவை ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், தவறினாலும் தகுந்த காரணம் இருந்தால் அரசு ஏற்கலாம்.

அம்பத்தூர் தோழர்: வேலை போனவன் லேட்டாவதும், பேனல் வக்கீல் வைத்திருக்கிற கம்பெனி லேட்டாவதும் ஒன்றா தம்பி? 2012-ல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்துக்கு இதே கோப்புக் கதையைத்தான் சொன்னது, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கிண்டி எச்ஆர்: எங்கள் பக்கமும் கேளுங்க சார். நேரடியாக லேபர் கோர்ட் போக அந்தச் சட்டத்தின் 2010 திருத்தம் 3 வருஷம் கொடுத்தது. கடைசி வாரத்தில் வருகிறார்கள், அதற்குள் டொமெஸ்டிக் என்கொயரி (கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை) நடத்தியவர் ரிடையர் ஆகி ஊருக்கே போய்விடுவார். சாட்சிக்கு யாரைக் கூட்டி வர?

அம்பத்தூர் தோழர்: கெடுவுக்குள் வந்தவரைக் குறை சொல்வது நன்றாக இருக்கிறதே!

பாரிமுனை ஜூனியர்: எனக்கு எரிச்சல் தருவது ரிட்டர்ன்தான். எஸ்ஆர் என்ற தற்காலிக நம்பரோடு கட்டு கிடக்கும், சான்றிட்ட நகல் இல்லை என்று கோர்ட் அலுவலகமான ரெஜிஸ்ட்ரி திருப்பித் தரும், ஆறு மாதம் கழித்து அதே கட்டு திரும்ப வரும், அந்தத் தாமதத்துக்குத் தனியாக ஒரு மனு. இதற்கு நான் வாதாட மாட்டேன். ஆனால் தோழர், ஸ்டே இல்லாதவரை அவார்டு அமலில்தான் இருக்கிறது, சும்மா உட்காராதீர்கள். ஹைகோர்ட்டில் வழக்கு முடியும்வரை அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தரச் சொல்லி அதே சட்டத்தின் 17பி பிரிவில் கேட்டீர்களா? வேறு வேலையில் இல்லை என்று அவர் அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) தர வேண்டும்.

அம்பத்தூர் தோழர்: அங்கேதான் இடிக்கிறது. ஒரு அபார்ட்மெண்டில் நைட் வாட்ச்மேனாக இருக்கிறார்.

பாரிமுனை ஜூனியர்: அதை மறைக்க வேண்டாம். போதுமான சம்பளம் வாங்கினால்தான் 17பி மறுக்கப்படும். என்ன வாங்குகிறார் என்று ரசீதோடு கேட்டு வையுங்கள்.