இரண்டு பெரிய கப்பல்களில் அப்பா, அம்மாவோடு: எங்கள் அனுபவம்

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். எத்தனையோ கப்பல்கள் அவர் கண்முன்னால் வந்து போயிருக்கின்றன, ஒன்றில்கூட அவர் பயணம் போனதில்லை. அவரையும் அம்மாவையும் ஒரு தடவையாவது கூட்டிப் போக வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு தடவை அமைந்தது. 2019 டிசம்பரில் மயாமியிலிருந்து ‘சிம்பனி ஆஃப் தி சீஸ்’, 2023 ஜூனில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘க்வீன் மேரி 2’. இரண்டுமே ஏழு இரவுப் பயணம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி என்பதால் இரண்டாவது பயணம் வீட்டு வாசலிலேயே வந்து முடிந்த மாதிரி.

இரண்டும் பிரான்ஸில் சான் நசேர் என்ற ஊரில் கட்டப்பட்ட கப்பல்கள். க்வீன் மேரி 2003-இல் முடிந்தது, சிம்பனி 2018-இல். நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 345 மீட்டரும் 361 மீட்டரும். ஆனால் சிம்பனியின் டன்னேஜ் 2,28,000-க்கு மேல், க்வீன் மேரியுடையது சுமார் 1,49,000. “டன்னு சொன்னா எடை இல்லப்பா, உள்ளே எவ்வளவு இடம் இருக்குங்கிற கணக்கு” என்று அப்பா பேத்திகளுக்கு விளக்கினார். சிம்பனியில் ஐயாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் போகலாம், க்வீன் மேரியில் அதில் பாதிதான்.

சிம்பனியில் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று உள்பக்கம் பார்த்த பால்கனி அறையை எடுத்துவிட்டேன். கப்பலின் நடுவில் எட்டாவது தளத்தில் திறந்தவெளிப் பூங்கா இருக்கிறது, சென்ட்ரல் பார்க் என்று பெயர். எங்கள் பால்கனி அதைப் பார்த்தபடி இருந்தது. அப்பா கதவைத் திறந்தார், எதிரே இன்னொரு வரிசைப் பால்கனிகள், கீழே செடிகொடிகள். “கடல் எங்கப்பா?” என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அம்மாவுக்கோ அதுதான் சொர்க்கம். அவருக்குக் கடல் என்றாலே பயம், 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்குக்கூடப் போவதில்லை. முதல் நாள் சாயங்காலம் பூங்காவில் ஒரு செடியின் இலையைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். “நிஜச் செடிதான்டா, மண்ணு ஈரமா இருக்கு” என்றார். அப்புறம் தினமும் இரண்டு வேளை அங்கேதான் நடை. கப்பல் ஓடுகிறது என்ற நினைப்பே இல்லாமல் ஏழு நாளும் நிம்மதியாக இருந்தார்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பத்து மாடி உயரச் சறுக்கு, பின்பக்கத் தண்ணீர் அரங்கில் உயரத்திலிருந்து குதிப்பவர்கள், பனிச்சறுக்கு நாட்டியம் என்று ராத்திரி வரை கண்ணிலேயே படவில்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. புஃபேயில் தினமும் இந்திய வகைகள் வைத்தார்கள், பருப்பு, சாதம், ஏதாவது ஒரு காய்க் குழம்பு. அம்மா தயிரை வாங்கிச் சாதத்தில் பிசைந்து, கொண்டுபோயிருந்த மாவடுவோடு முடித்துக்கொள்வார். மெக்சிகோவில் கொசுமெல் தீவில் இறங்கினோம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் திரும்பவும் அமெரிக்காவுக்குள் வர வேண்டும் என்பதால் பெற்றோரின் விசா மல்டிபிள் என்ட்ரிதானா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா மட்டும் விடிகாலையில் எழுந்து கடலைத் தேடிப் போவார். நாற்காலிகளையும் நீச்சல்குளங்களையும் சுற்றிப்போய்க் கம்பியோரம் ஒரு இடம் பிடித்து நிற்பார். குறை எதுவும் சொல்லவில்லை. அவருக்காக ஒரு கப்பல் பாக்கி இருக்கிறது என்று எனக்குத்தான் பட்டது.

அதனால்தான் க்வீன் மேரி. இது ஊர்சுற்றிக் காட்டும் கப்பல் இல்லை, அட்லாண்டிக்கைக் கடக்கவென்றே ஸ்டீபன் பெய்ன் என்ற வடிவமைப்பாளர் வரைந்த லைனர். நீண்ட மூக்கு, கனமான உடல், சுமார் 30 நாட் (மணிக்கு ஏறக்குறைய 55 கி.மீ.) வரை போகக்கூடிய வேகம். வழியில் ஒரு துறைமுகமும் கிடையாது, ஏழு நாளும் தண்ணீர்தான். முன்தளத்தில் பளபளவென்று பெரிய உலோக இதழ்கள் வரிசையாக இருக்கும். சின்னவள் சிற்பம் என்றே நினைத்தாள். “புரொப்பல்லருக்கு மாத்து இதழ்கள், கூடவே கொண்டுபோறாங்க” என்று அப்பா சொன்னபோது அவர் குரலில் நான் கேட்டிராத ஒரு துள்ளல்.

ஏழாவது தளத்தில் கப்பலை முழுதாகச் சுற்றி நடைபாதை இருக்கிறது. மூன்று சுற்று 1.1 மைல். அப்பா காலையில் மூன்று, மாலையில் மூன்று. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடம், காற்று, கடலின் ஆழம் எல்லாம் சொல்வார். அப்பா பாக்கெட் டைரியில் அத்தனையையும் குறித்துக்கொள்வார். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைக்கிறார்கள். வயதானவர்களுக்கு இது பெரிய உபகாரம், விமானத்தில் வந்தால் வருகிற தூக்கக் கோளாறு துளியும் இல்லை.

மூன்றாம் நாள் கடல் நன்றாகவே ஆடியது. அம்மா எழுந்திருக்கவில்லை. மாத்திரையும் இஞ்சியும் கொடுத்தோம். முன்பக்கத்து அறை எடுக்காதீர்கள். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு.

ஐந்தாம் நாள் விடியற்காலை நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே ஒரே மூடுபனி. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் தெற்கின் வெதுவெதுப்பான நீரோட்டமும் அங்கே சந்திப்பதால் கோடையில் அப்படித்தான் இருக்குமாம். அப்பாவைக் காணவில்லை என்று தேடிப்போனேன். நடைபாதையில் தனியாக நின்றார். ஸ்வெட்டருக்கு மேல் அம்மாவின் சால்வை, மரக் கம்பியில் இரண்டு கையும். கம்பி முழுக்கப் பனித்துளி. தண்ணீர் தெரியவில்லை, அது உரசிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று மேலே கப்பல் ஊதியது. கம்பி அதிர்ந்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. “எண்ணிப் பாரு. ரெண்டு நிமிஷத்துக்கு மேல இடைவெளி விடமாட்டான், பனியில அதான் சட்டம்” என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். சரியாக ஊதியது. க்வீன் மேரி 2-இன் ஊதல்களில் ஒன்று, இப்போது கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கும் பழைய க்வீன் மேரியிலிருந்து எடுத்து வந்தது. அப்பாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கால் மணி நேரம் நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

கடைசி நாள் இருட்டிலேயே எழுந்து மேல்தளத்தில் இடம்பிடித்தோம். நியூயார்க் துறைமுக வாயிலில் இருக்கும் வெரசானோ பாலத்துக்கு அடியில் போகும்போது புகைபோக்கி இடித்துவிடும் போலத்தான் இருந்தது. அத்தனை குறைந்த இடைவெளி. விடிந்ததும் சுதந்திர தேவி சிலை. அப்பா கைக்குட்டையை எடுத்தார்.

பிள்ளைகளோடு போகிறீர்களா, கடலுக்குப் பயப்படும் பெரியவர்கள் கூட வருகிறார்களா, யோசிக்காமல் சிம்பனி மாதிரிக் கப்பலுக்குப் போங்கள். என்னை மறுபடி கேட்டால் க்வீன் மேரிதான். சவுத்தாம்ப்டனில் ஏற நம் பெற்றோருக்கு பிரிட்டிஷ் விசாவும் வேண்டும், அதை முதலில் முடியுங்கள்.

*

அண்ணே, உங்கள் பதிவைப் படித்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டம். இந்த மாதிரிப் பெரிய கப்பல்களில் சமையல்கூடத்தில் எட்டு வருடம் இருந்தேன். முதலில் ஒரு அமெரிக்கக் கம்பெனி, அப்புறம் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. நீங்கள் மேலே இருந்து பார்த்ததை நான் கீழே இருந்து பார்த்தேன்.

கப்பலின் நீளத்துக்கும் ஊழியர்களுக்கென்று ஒரு நடைவழி போகும். அமெரிக்கக் கப்பலில் அதற்கு ‘ஐ 95’ என்று பெயர், அந்த ஊர் நெடுஞ்சாலையின் பெயர். பிரிட்டிஷ் கப்பலில் ‘பர்மா ரோடு’. காய்கறி வண்டி, துணி மூட்டை, பெட்டிகள், சிப்ட்டுக்கு ஓடும் ஆட்கள், எல்லாம் அதில்தான். பெரிய கப்பலில் ஏழு நாளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் இறங்கி மத்தியானம் புது ஆட்கள் ஏறுவார்கள். அதற்குள் ஒரு வாரச் சாப்பாட்டுச் சாமான் முழுக்க உள்ளே வந்தாக வேண்டும். அன்றைக்கு உட்கார நேரம் இருக்காது. கடல் கடக்கும் கப்பலில் வேறு கஷ்டம். ஆடும்போது அடுப்பில் பானை நகராமல் கம்பி மாட்டி வைப்போம், எண்ணெய் காய வைக்கும் வேலையை நிறுத்திவிடுவோம்.

சிறப்புச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், ஏறிய முதல் ராத்திரி பரிமாறுகிறவரிடமும் சொல்லுங்கள். வெங்காயம் பூண்டு இல்லாமல்கூடச் செய்வோம், ஒரு நாள் முன்னால் தெரிந்தால் போதும். ஒரு தடவை மதுரைப் பாட்டி ஒருத்தர் காய்ச்சலோடு ரசம் கேட்டார். புளி இல்லை. தக்காளியும் எலுமிச்சையும் போட்டு, மிளகைத் தட்டி வைத்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கிண்ணத்தோடு ஒரு காகிதம் வந்தது, தமிழில் “நல்லா இரு” என்று எழுதியிருந்தது. இன்னும் பாஸ்போர்ட் உறையில் வைத்திருக்கிறேன்.

*

தம்பி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரசம் வந்த இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவர் ஒன்று கேட்கச் சொன்னார்: பனியில் கப்பல் ஊதினால் கீழே உங்களுக்குக் கேட்குமா?

*

எங்கள் அறை தண்ணீர்மட்டத்துக்குக் கீழே அண்ணே, ஊதல் கேட்காது. ஆனால் வேகத்தைக் குறைத்தால் தரையின் அதிர்வு மாறும். படுக்கையில் இருந்தாலும் முதுகில் தெரியும். மேலே பனி என்று அப்படித்தான் தெரிந்துகொள்வோம். அய்யாவிடம் சொல்லுங்கள்.