அப்பாவுக்கு நான்காம் நிலை மார்பகப் புற்றுநோய்: மாத ஊசி எதற்கு, ஆயுள் கணக்கை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி

என் தந்தைக்கு வயது 64. இடது மார்க்காம்பு உள்ளிழுத்திருந்ததையும், அதன் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்ததையும் என் தாயார்தான் முதலில் கவனித்தார். சூட்டுக்கட்டி என்று சொல்லி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சில மாதங்களை அப்பா கடத்திவிட்டார். முதுகுவலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனபோது எடுத்த பெட் ஸ்கேனில், அக்குள் நெறிக்கட்டிகளிலும் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது. திசுப் பரிசோதனையில் ஈஆர், பிஆர் (புற்றணுவில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்) இரண்டும் பாசிட்டிவ், ஹெர்2 (புற்றணு வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) நெகட்டிவ். லெட்ரோசோல், பால்போசிக்ளிப் மாத்திரைகளோடு மாதம் ஒரு கோசெரலின் ஊசியும் எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த ஊசி புரோஸ்டேட் புற்றுநோய்க்கானது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா அதைப் போட்டுக்கொள்ளத் தயங்குகிறார். இந்த நிலையில் ஐந்தாண்டு உயிரோடு இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான் என்று படித்தேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில் 1 (புற்றுநோய் மருத்துவர்)

முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை விட்டுவிட்டால் லெட்ரோசோல் தன் வேலையை முழுமையாகச் செய்யாது. ஆண் உடலில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கொழுப்பு போன்ற திசுக்களில் ஆண் ஹார்மோன் உருமாறுவதால் கிடைக்கிறது. லெட்ரோசோல் தடுப்பது இந்த உருமாற்றத்தைத்தான். மீதி விந்தகங்களிலிருந்து நேரடியாக வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிட்யூட்டரி சுரப்பி விந்தகங்களை மேலும் தூண்டிவிட, மாத்திரை மூடிய வாசலுக்குப் புதிய சரக்கு வந்து குவிகிறது. கோசெரலின் அந்தத் தூண்டுதலை நிறுத்துகிறது. புரோஸ்டேட் நோயாளிகளுக்கும் அதே காரணத்துக்காகவே இதைத் தருகிறார்கள் என்று தந்தையாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இந்த வழி புதியதும் அன்று: 1942ஆம் ஆண்டிலேயே ஃபேரோ, அடேர் என்ற மருத்துவர்கள், எலும்புக்குப் பரவிய ஆண் மார்பகப் புற்றுநோயில் விந்தகங்களை அகற்றியதன் பயனைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஆயுள் கணக்கைப் பொறுத்தவரை, நீங்கள் படித்த அளவு அமெரிக்கப் பதிவேடுகளை ஒட்டியதே. ஆனால் அதில் எல்லா வகை நோயாளிகளும், வேறு நோய்களோடு இருந்த முதியவர்களும், இன்றைய மருந்துகள் கிடைக்காத ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். புற்றணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்ளிப்பை ஆண்களுக்கும் தரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்ததே 2019 ஏப்ரலில்தான். அதுவும் நடைமுறைச் சிகிச்சைப் பதிவுகளை வைத்துத்தான், ஏனென்றால் ஆண்களுக்கென்று பெரிய ஆய்வு நடத்தும் அளவுக்கு நோயாளிகள் கிடைப்பதில்லை. இதே வகையைச் சேர்ந்த ரிபோசிக்ளிப்பை லெட்ரோசோலோடு பெற்ற பெண்களில் ஆயுளின் இடைநிலை (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 63.9 மாதங்கள், லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களில் 51.4 மாதங்கள் என்று மொனலீசா-2 ஆய்வு காட்டியது. அதில் ஆண்கள் இல்லை. ஆகவே அந்த எண்ணை அப்படியே தந்தையாருக்குப் பொருத்த மாட்டேன். நோயை முற்றாக நீக்க முடியாவிட்டாலும், எலும்பில் மட்டும் பரவி ஹார்மோனுக்குக் கட்டுப்படும் நோயைப் பல ஆண்டுகள் அடக்கிவைக்க முடிந்தவர்கள் உண்டு என்பதை உறுதியாகச் சொல்வேன்.

கால்களில் திடீரெனப் பலவீனமோ மரப்போ, சிறுநீர் கழிப்பதில் தடையோ தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குத் தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

பதில் 2

என் அண்ணனுக்கும் இதே மூன்று மருந்துகள்தான். பால்போசிக்ளிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்த அணுக்களைப் பார்ப்பார்கள். வெள்ளை அணு குறைந்து ஒரு சுற்றுத் தள்ளிப்போனால் பதறாதீர்கள், அது அடிக்கடி நடப்பதே. எலும்புக்கான சோலெட்ரோனிக் ஊசியைத் தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முடித்துவிடுங்கள். கோசெரலின் ஊசிக்குப் பிறகு உடம்பு திடீரெனக் கொதிப்பதையும் தாம்பத்திய நாட்டம் குறைவதையும் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தார். உங்கள் அப்பாவும் வெட்கப்பட்டு மறைக்கக்கூடும், மருத்துவரிடம் அவர் தனியாகப் பேச வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுங்கள். 2023 சனவரியில் காப்புரிமை முடிந்த பின் பால்போசிக்ளிப்பை இந்திய நிறுவனங்களும் தயாரிப்பதால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் அக்கா சினைப்பைப் புற்றுநோயில் காலமானவர். என் தங்கை கவலைப்படுகிறாள்.

பதில் 1 (புற்றுநோய் மருத்துவர்)

இதைக் கட்டாயம் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் ஒவ்வொருவருக்கும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் அத்தையின் நோயையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அவசியமாகிறது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 மரபணுவில் பிழை இருந்தால், தந்தையாருக்குப் பின்னாளில், அந்தப் பிழை உள்ளவர்களுக்கான ஒலாபரிப் அல்லது டாலசோபரிப் மாத்திரைக்கு வழி திறக்கும். பரிசோதனையை அவருடைய இரத்தத்தில்தான் முதலில் செய்ய வேண்டும். பிழை உறுதியானால் உங்களுக்கும் தங்கைக்கும் தனித்தனியே ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு; தங்கைக்கு மார்பக எம்ஆர்ஐ உள்ளிட்ட கண்காணிப்பும், உங்களுக்கு 40 வயதிலிருந்து, புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.